திங்கக்கெழமை நடிப்பு

அந்த ஜன்னலோரத்தை எனக்குக் குடுப்பீங்களா தம்பி? தொந்தரவு பண்றனேன்னு நெனைச்சுக்காதீங்க. காத்து மூஞ்சில அடிச்சாத்தான் எனக்கு... சித்தெ இருங்க. மூச்சு வாங்கிக்கறேன்.

ம். இப்பத் தேவலை.

அந்தக் கண்டக்டரு மொறைக்கறதைப் பாத்தீங்களா? ஏறும்போது கம்பியைப் புடிச்சுட்டு ரெண்டே ரெண்டு மூச்சு வாங்குனேன். அதுக்குள்ள, "பெருசு, காலங்காத்தால போட்டுட்டு வந்து உசுரை வாங்காதே, ஏறு"ங்கறான். போட்டுட்டனாம்! நான் சாராயத்தைக் கையில தொட்டவனில்லீங்க. பீடி இல்லை, வெத்தலை பாக்கு இல்லை. கையி நல்லா இருக்குது, காலு நல்லா இருக்குது, அப்பறம் எதுக்கு இந்தாளு இப்பிடி நிக்கறான்னா, அவனுக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். சீ. என்ன சனமோ.

என்ற பேரு திருமூர்த்தி. மேஸ்திரி திருமூர்த்தின்னாத்தான் தெரியும். முப்பத்தோரு வருசம் பஞ்சு மில்லுல இருந்தனுங்க. கழிவுப் பஞ்சு மில்லு. பெரிய மில்லுக்காரங்க நல்ல நூலு ஓட்டிப்போட்டு ஒதுக்கற பஞ்சை பேல் பேலா, பெரிய பெரிய பொதிக்கட்டா வாங்கியாந்து, பிரிச்சு அடிச்சு, மறுபடியும் நூலாக்கறது. பேல் பிரிக்கற எடத்துக்கு புளோ ரூம்னு பேரு. அங்க இருபது பொம்பளைக. அவளுகளுக்கு மேஸ்திரி நானு. அந்த ரூமுக்குள்ள பத்தடி தள்ளி நிக்கற ஆளு மூஞ்சி தெரியாது தம்பி. பஞ்சு அப்பிடிப் பறக்கும். இமையில, மீசையில எல்லாம் அப்பிக்கும். கண்ணு தெரியாத அந்தப் பொகைக்குள்ளயும் எவ வேலை பாக்கறா, எவ உக்காந்திருக்கறான்னு எனக்குத் தெரியும். அதுதான் மேஸ்திரி.

மில்லை விட்டு நின்னு ரெண்டு வருசத்துல எனக்கு இது வந்துது. மொதல்ல மாடிப்படியில. அப்பறம் மேடேறுனா. அப்பறம் சும்மா குளிச்சாலே. ஒரு டாக்டரு வயித்துல கேஸ்னான். இன்னொருத்தன் இதயம்னான். இன்னொருத்தன் சளியை டப்பியில புடிச்சுக் குடுன்னான், குடுத்தேன், அதுல ஒண்ணுமில்லைன்னு எழுதியே வந்துது. ஆனாலும் எதுக்கும் இருக்கட்டும்னு ஆறு மாசம் டிபி மருந்தைக் குடுத்துப்போட்டான். மூத்திரம் செவப்பாப் போனதுதான் மிச்சம். அந்த ஆறு மாசத்துல என்ற சம்சாரம் வசந்தாமணி எனக்குன்னு ஒரு டம்ளரைத் தனியா எடுத்து வெச்சுட்டா. "ஒட்டற சீக்கு இல்லையாம்டி"ன்னேன். "இருந்தாலும் பேத்தி இருக்கறாள்ல"ங்கறா. நாப்பது வருசம் ஒரே தட்டுல தின்னவ. அந்த டம்ளரைப் பாத்தாலே எனக்கு ஒமட்டும்.

ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. கக்கூஸுக்குப் போய்ட்டு எந்திரிச்சேன்னா, கால் மணி நேரம் கதவைப் புடிச்சுட்டு நிக்கணும். குனிஞ்சு கழுவுனா மூச்சு நின்னு போகும். இதை யாருகிட்டச் சொல்லறது? டாக்டரு கேக்கறது காச்சல் இருக்குதா, சளி இருக்குதா, பசிக்குதா, அவ்வளவுதான். ஒரு மனுசன் குண்டி கழுவிட்டு எந்திரிக்க முடியுதான்னு எவனாச்சும் கேட்டானா? பஸ்ஸுல உக்கார எடமாச்சும் கெடைக்கட்டும்னு ஊனத்துக்குக் குடுக்கற சர்டிபிகேட்டுக்குப் போனேன். அங்க ஒருத்தன் டீயைக் குடிச்சுட்டே, "கையி இருக்குது, காலு இருக்குது, கண்ணு தெரியுது, காது கேக்குது. உங்களுக்கு என்னங்க கொறை?"ங்கறான். "மூச்சுங்க"ன்னேன். "அது லிஸ்ட்ல இல்லீங்களே"ங்கறான்.

லிஸ்ட்ல இல்லையாம். ஒடம்புல மூச்சை விடப் பெருசு என்னடா இருக்குதுன்னு கேக்கத்தான் வாயெடுத்தேன். கேக்கறதுக்கு மூச்சு இல்லை.

கடைசியில பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். அங்கதான் நெஞ்சுக்குன்னு தனி டாக்டருங்க. அந்த நெஞ்சு டாக்டரை எங்க வெச்சிருக்கறாங்க தெரியுமா? ரெண்டாவது மாடியில. லிப்டு ரிப்பேரு. எலும்பு டாக்டரு, கண்ணு டாக்டரு, தோலு டாக்டரு எல்லாம் கீழ. மூச்சில்லாதவன் மட்டும் ரெண்டு மாடி ஏறோணும். எவன் மண்டையில உதிச்ச யோசனையோ! படியில பாத்தீங்கன்னா திருப்பத்துக்குத் திருப்பம் ஆளுக செவுத்துல சாஞ்சுட்டு, வாயைத் தொறந்துட்டு, கரையில போட்ட மீனாட்டம். ஒரு நாற்காலி கெடையாது. ஒவ்வொருத்தன் கையிலயும் ஒரு துணி, அதுல சளி. அதையெல்லாம் பாத்துட்டே ஏறோணும். நானும் அதுல ஒருத்தன்னு நெனைக்கறப்ப அருவருப்பா இருக்கும்.

மேல போனா டாக்டரு ரெண்டு நிமிசம். ஊத வெச்சாங்க, எழுதுனாங்க, "உறிஞ்சற மருந்து எழுதியிருக்கறேன், அடுத்தவங்க வாங்க". கீழ மருந்து குடுக்கற எடத்துல, "உறிஞ்சற மெசினு ஸ்டாக் இல்லை, அடுத்த மாசம் வாங்க, மருந்தை மட்டும் வாங்கிட்டுப் போங்க"ன்னு அறுவது மாத்திரையைக் கையில குடுத்தான். உள்ள பொடி இருக்கற மாத்திரை. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. நானும் தண்ணி ஊத்தி முழுங்குனேன். அடுத்த மாசமும் மெசினு இல்லை. அதுக்கடுத்த மாசம் நான் கேக்கலை, அவனும் சொல்லலை. எட்டு மாசம் முழுங்குனேன். ஒரு அரிசி மணியளவு கொணமில்லை.

அந்தப் படியிலதான் தெய்வாத்தாளைப் பாத்தேன். மொத மாடித் திருப்பத்துல, கீழயே உக்காந்திருக்கறா, காலை நீட்டிட்டு. மொதல்ல அடையாளம் தெரியலை. காஞ்ச வேலிமுள்ளாட்டம் ஆயிட்டா.

"என்னங்க மேஸ்திரி, நீங்களுமா?"ன்னு கேட்டா.

அந்த "நீங்களுமா"வே எனக்குப் புடிக்கலை. இவ யாருன்னா, என்ற புளோ ரூம்ல இருந்தவதான். ஒண்ணாம் நம்பர் வேலைக்கள்ளி. அரை மணி நேரம் பேல் பிரிச்சாள்னா அது மேலயே ஏறி உக்காந்துக்குவா. "எந்திரிடி"ன்னா, "நெஞ்சைப் புடிக்குதுங்க மேஸ்திரி"ம்பா. ஒரு நாள் ஓனரு வர்ற நேரமாப் பாத்து உக்காந்திருந்தா. நாந்தான் சொல்லி அன்னிக்கே நிறுத்திப்போட்டேன். அதுல தப்பு ஒண்ணுமில்லீங்களே? ஒருத்தி உக்காந்தா இருபது பேரும் உக்காருவாளுக.

இருந்தாலும் ஆஸ்பத்திரியில தெரிஞ்ச மொகம்னா ஒரு இதுதான். பேசிட்டே என்ற மருந்துப் பையைப் பாத்தா. "மெசினு எங்கீங்க?"ன்னா. "அதெல்லாம் எனக்குக் குடுக்கலை, நான் தண்ணியிலயே சாப்புட்டுக்கறேன்"னேன்.

சிரிச்சா பாருங்க. சிரிச்சு, இருமி, கண்ணுல தண்ணி வந்து, மறுபடியும் சிரிச்சா. "அது முழுங்கற மாத்திரை இல்லீங்க மேஸ்திரி! வயித்துக்குள்ளயா உங்களுக்கு மூச்சு வாங்குது?"

இருபது பேரு பாக்கறாங்க தம்பி. கூசிப் போச்சு.

மடியில இருந்து அவ மெசினை எடுத்தா. நம்ம கட்டை வெரல் நீளத்துல ஒரு பிளாஸ்டிக்கு. மாத்திரையை அதுக்குள்ள போட்டு, ஒரு திருகு திருகி, "மொதல்ல இருக்கற மூச்சை வெளிய உடுங்க. அப்பறம் வாயில வெச்சு ஒரே இழுப்பா இழுங்க. இழுத்துட்டுப் பத்து எண்ணுங்க"ன்னா. முந்தானையில தொடைச்சு என்கிட்ட நீட்டறா. அவ வாயி வெச்சது! அவ எச்சி! கையில வாங்கவே எனக்குக் கூச்சம். "இருக்கட்டும்"னேன். "என்ற அக்கா மகளுக்கு வாங்குனது ஒண்ணு புதுசா ஊட்டுல கெடக்குது, அடுத்த வாரம் கொண்டாறேன்"னா. கொண்டாந்தா. புதுசுதான், ஒறை பிரிக்காதது. அப்பிடியும் கொதிக்கற தண்ணியில மூணு தடவை கழுவுனேன்.

பதினஞ்சு நாளுங்க. பதினஞ்சாம் நாளு காலையில எங்கூட்டு வாசல்ல இருந்து தண்ணி டேங்க் வரைக்கும் நிக்காம நடந்தேன். எட்டு மாசம் எந்த டாக்டரும் நர்சும் சொல்லாததை ஒரு பேல் பிரிக்கறவ சொல்லோணுமா? இதெல்லாம் ஒரு ஆஸ்பத்திரியா? அதுக்கப்பறம் வியாழக்கெழமையானா ஆஸ்பத்திரியில அவளைப் பாப்பேன். கேட்டா ஒரு வார்த்தை சொல்லுவேன். நன்றி கின்றின்னு நான் சொல்லிக்கலை. அவளும் எதிர்பாக்க மாட்டா.

போன ஆவணியில ஒரு வியாழக்கெழமை. மொத மாடித் திருப்பத்துல அவ வழக்கம்போல உக்காந்திருக்கறான்னு நெனைச்சேன். கிட்டப் போனாச் சாஞ்சு கெடக்கறா. ஒதடு நாவப்பழம் தின்னவளாட்டம் நீலம். கண்ணு பாதி தொறந்திருக்குது. தூக்கலாம்னா எனக்குத் தெம்பு இல்லை. யாரையாச்சும் கூப்பிடலாம்னா, தம்பி, கத்தறதுக்கு மூச்சு வேணுமே! வாயைத் தொறக்கறேன், சத்தமே வரலை. அவ மூச்சில்லாமக் கெடக்கறா, நான் மூச்சில்லாம நிக்கறேன். அன்னிக்குன்னு பாத்துப் படியில ஒரு ஈ காக்கா இல்லை.

கையில எவர்சில்வர் தண்ணி பாட்டில் இருந்துது. அதை வெச்சு மாடிப்படிக் கைப்புடிக் கம்பியில அடிச்சேன். டங்கு டங்குன்னு அடிச்சேன். மேல இருந்து ஒருத்தன், "எவன்டா அவன், ஆஸ்பத்திரியில அறிவில்லாம"ன்னு கத்தறான். திட்டுனானே தவிர எட்டிப் பாக்கலை. நான் நிறுத்தலை. பாட்டிலு நசுங்கிப் போச்சு. கடைசியில சின்ன வயசுல ஒரு டாக்டரம்மா, புதுசா வந்தவ, எறங்கி ஓடியாந்தா.

மொகத்துல மாஸ்க்கைப் போட்டு, ஆக்சிஜனைக் குடுத்து, அவளுக்குக் கண்ணு முழிப்பு வர ஒரு மணி நேரமாச்சு. நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். போறதுக்கு எனக்கும் தெம்பு இல்லை. டாக்டரம்மா எழுதற அட்டையோட வந்து, "இவங்க எங்க வேலை பாத்தாங்க, எப்ப இருந்து மூச்சுத் தொந்தரவு? இவங்களால பேச முடியாது. தெரிஞ்சவங்க இருக்கீங்களா?"ன்னு கேட்டா. தெய்வாத்தா மெதுவாக் கையைத் தூக்கி என்னைக் காட்டறா.

"நான் இவளோட மேஸ்திரிங்க"ன்னேன். மில்லைப் பத்திச் சொன்னேன். பேல், புளோ ரூம், இவ அங்க இருந்த ஒம்பது வருசம். எல்லாம் எழுதிக்கிட்டா.

"வேலை பாக்கும்போதே மூச்சு வாங்குமா?"

"மூச்செல்லாம் வாங்கலீங்க. நெஞ்சைப் புடிக்குதும்பா. அது நடிப்புங்க."

டாக்டரம்மா தலையைத் தூக்கலை. "எப்ப இருந்து நடிச்சாங்க?"

"வந்து சேந்த நாலாம் வருசத்துல இருந்துங்க."

எழுதிக்கிட்டா. "தினமும் நடிப்பாங்களா?"

"இல்லீங்க. ஞாயித்துக்கெழமை மில்லு லீவு. திங்கக்கெழமை வந்தாத்தான் அந்த ஆட்டம். நெஞ்சு இறுகுது, மூச்சு முட்டுதும்பா. புதன், வியாழன்ல சரியாப் போயிரும். மறுபடியும் திங்கக்கெழமை வந்துரும். இவ மட்டுமில்லீங்க, முக்காவாசிப் பேரும் அதேதான். ஞாயித்துக்கெழமை கறி தின்னுட்டுப் படுத்தா திங்கக்கெழமை ஒடம்பு வளையுமா? எனக்கு அது நல்லாத் தெரியும். திங்கக்கெழமை மட்டும் நான் ரூமை விட்டு நகரவே மாட்டேன்."

பேனா நின்னு போச்சு.

"முக்காவாசிப் பேருன்னா யாரு யாரு? பேரு ஞாபகம் இருக்கா?"

ஏன் இல்லாம? பாவாத்தா, சின்னமணி, ராக்கம்மா, ரெண்டு வள்ளியம்மா, குருவாத்தா... சொல்லச் சொல்ல எழுதறா. பதினாலு பேரு வந்துது. எவ எந்த வருசத்துல இருந்து ஆரம்பிச்சா, எவளை எப்ப நிறுத்துனேன், எல்லாம் சொன்னேன். மேஸ்திரின்னா அப்பிடி இருக்கோணும்.

எழுதி முடிச்சுட்டு டாக்டரம்மா பேனாவை மூடி வெச்சா. அப்பறம் சொன்னா: "ஐயா, அது நடிப்பில்லை. பஞ்சுத் தூசி நொரையீரலுக்குள்ள போறதால வர்ற சீக்கு அது. ஒரு நாள் லீவு விட்டுட்டுத் திரும்பி வந்தா மொத நாளு நெஞ்சைப் புடிக்கும். நாள் ஆக ஆகக் கொறையும். திங்கக்கெழமைங்கறதுதான் அந்தச் சீக்கோட அடையாளமே. அப்பவே தூசியில இருந்து வெளிய எடுத்திருந்தா நெறையப் பேரு தப்பிச்சிருப்பாங்க."

"நானே வெளிய எடுத்தனுங்களே, வேலையை விட்டே நிறுத்திப்போட்டனே"ன்னேன்.

அட்டையில இன்னொரு தாளைத் திருப்பிட்டு அவ, "உங்களுக்கு எப்பிடி இருந்துச்சு, திங்கக்கெழமையில?"ன்னா.

"எனக்கென்னங்க? லேசா நெஞ்சு கனக்கும். ஒரு சுடுதண்ணி குடிச்சாச் சரியாப் போயிரும். நான் நடிக்க மாட்டேன்."

என்னை ஒரு பார்வை பாத்தா தம்பி. நான் என்ன தப்பாச் சொல்லிப்போட்டேன்? ஞாபகமா, வருச வாரியா, ஒரு சுழி பெசகாமச் சொன்னேன். சாக்கடையில கையை உட்ட மாதிரி ஒரு பார்வை. படிச்ச புள்ளைக, பெரியவங்ககிட்ட எப்பிடி நடந்துக்கறதுன்னு ஊட்டுல சொல்லித் தர்றதில்லை.

இருந்தாலும் கேட்டா: "அந்தப் பதினாலு பேரும் இப்ப எங்க இருக்காங்க? டிபின்னும் ஆஸ்துமான்னும் எங்கயாச்சும் தப்பான மருந்தைத் தின்னுட்டு இருப்பாங்க. கூட்டிட்டு வர முடியுமா?" என்னை நம்பிக் கேட்டுப்போட்டா. பேரு எனக்குத் தெரியும், ஊரு தெரியாது. ஊரு தெய்வாத்தாளுக்குத் தெரியும். அவ இப்ப ஊட்டுலதான் இருக்கறா, ஆக்சிஜன் மெசினுக்குப் பக்கத்துலயே. பத்தடிக்கு மேல நடக்க முடியாது, டியூப் எட்டாது. கரண்ட்டு போனா விசிறியை வெச்சுட்டு மருமக உக்காந்திருக்கறா. நான் பேரைச் சொல்லுவேன், அவ மூச்சு வாங்கிட்டு ஊரைச் சொல்லுவா. ஒரு பேருக்கு ஒரு மூச்சு. ரெண்டு நாளு ஆச்சு எழுதி முடிக்க. அந்தப் பட்டியலைத் தூக்கிட்டுத்தான் இப்பிடி ஊரு ஊராச் சுத்தறேன். அதுக்கு வசந்தாமணி வேற, "உங்களுக்கு எதுக்குங்க இந்த வேலை, சும்மா கெடங்க"ன்னு.

என்ன சனமுங்க! ராக்கம்மா என்னைப் பாத்ததும் கதவைச் சாத்திட்டா. குருவாத்தா மகன், "இன்னும் மில்லுக்கு ஆளு புடிக்கறதை விடலையா மேஸ்திரி?"ங்கறான். நல்லதுக்குப் போனாக் கெட்டது. சின்னமணி மட்டும் முழுசாக் கேட்டுட்டு, செருப்பைப் போட்டுட்டுக் கூடவே கெளம்பிட்டா. இதுவரைக்கும் மூணு பேரைக் கொண்டு சேத்திருக்கறேன். நாலு பேரு செத்துப் போயிருக்கறாளுக.

போன வாரம் பாவாத்தா ஊட்டுக்குப் போனேன். அவ போய்ச் சேந்து ஆறு வருசமாச்சாம். புருசன் ஆறுக்குட்டி மட்டும் இருந்தான், ஒரு மகளும். சரி, ஆளே இல்லைன்னா நமக்கு என்ன வேலைன்னு திரும்புனேன். அவன் என்னைப் போக உடலை. "என்ன சீக்குன்னு சொன்னீங்க? மறுபடியும் சொல்லுங்க"ங்கறான். டாக்டரம்மா எழுதிக் குடுத்த சீட்டைக் காட்டி, பஞ்சுத் தூசியில வர்றது, ஒட்டாது, பரம்பரையா வராதுன்னு சொன்னேன்.

அந்த ஊருல அவளுக்கு டிபின்னு பேராம். செத்தப்பத் தூக்கறதுக்கு ஆளு வரலையாம். அவ பொடவை, பாயி எல்லாத்தையும் இவங்களே எரிச்சுட்டாங்களாம். மகளைப் பொண்ணு பாத்துட்டுப் போன ரெண்டு எடமும், ஆத்தாளுக்கு அந்தச் சீக்காமேன்னு வேண்டாம்னு சொல்லிப்போட்டாங்களாம். அந்தப் புள்ளை உள்ள இருந்து வந்து நின்னுச்சு. "அம்மா டம்ளரை நான் தொட்டதே இல்லீங்க, தொடக் கூடாதுன்னாங்க"ன்னு சொல்லிட்டு அப்பிடியே நிக்குது. ஆறுக்குட்டி பக்கத்து ஊட்டுக்காரனைக் கூப்பிடறான், எதுத்த ஊட்டுக்காரனைக் கூப்பிடறான். "கேளுங்க, மேஸ்திரி சொல்றதைக் கேளுங்க. டிபி இல்லையாம். மில்லுத் தூசியாம்"ங்கறான். நான் நாலு தடவை சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அவன் அழுகறான்.

அப்பறம் என்ற ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டான் தம்பி. "நீங்க நல்லா இருக்கோணும். அவ மில்லுல இருந்தப்ப திங்கக்கெழமை போகவே பயந்துக்குவா. மேஸ்திரி திட்டுவாருன்னு வெள்ளன எந்திரிச்சு, மூச்சை அடக்கிப் பழகிட்டுப் போவா. உங்களைப் பத்தி ஒரு நாளும் தப்பாச் சொன்னதில்லீங்க"ன்னு சொல்லி, என்ற கையைக் கண்ணுல ஒத்திக்கறான்.

எனக்குக் கொமட்டிட்டு வந்துது. நெசமாலுமே. அவன் கண்ணுத் தண்ணி என்ற கையில ஈரமா இருக்குது, என்னால அந்தக் கையைப் பாக்க முடியலை. வேலியோரமாப் போயி வாந்தி எடுத்தேன். குடல் வெளிய வர்ற மாதிரி. அந்தப் புள்ளை செம்புல தண்ணி கொண்டாந்து நிக்குது, அது முன்னாலயே. பஸ்ஸு ஒத்துக்கலைன்னு சொல்லிட்டு வந்துட்டேன். காலையில ரெண்டு இட்லிதானுங்க தின்னேன். எதனால வந்துதுன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை.

இதா, நான் எறங்கற எடம் வந்துருச்சு. இந்த ஊருல வள்ளியம்மா ஒருத்தி இருக்கறா. இருக்கறாளோ இல்லையோ. தம்பி, அந்தக் கண்டக்டருகிட்டச் சித்தெ சொல்லுங்க, விசிலை உடனே ஊத வேண்டாம்னு. எறங்கறதுக்கு எனக்குக் கொஞ்ச நேரம் ஆகும்.